பத்தடி அறைக்கு எத்தினை வாட்?

வேலணையிலயோ ஊர்காவற்றுறையிலயோ ஒரு வீட்டுக்குப் புதுசா சவுண்ட் செற் வந்தால், பார்க்க வருகிற ஆள் கேட்கிற முதல் கேள்வி "எத்தினை வாட்?" அடுத்த கேள்வி "ஆர் அனுப்பினது?" இந்த இரண்டு கேள்வியாலயும்தான் தீவுப்பகுதியில கனக்கக் காசு வீணாகுது என்பது எங்கட கருத்து. முதலாவது கேள்வி பிழையான கேள்வி. இரண்டாவது, கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பெருமைக்காகக் கேட்கிறமே தவிர அதில இருக்கிற ஆபத்துக்காகக் கேட்கிறதில்லை.

நாங்கள் கலைப்பீடத்தில படிக்கிற பெடியள், பெட்டையள். எஞ்சினியர்கள் இல்லை. ஆனால் சினிமா பற்றி எழுதுறம், குறும்படம் பார்க்கிறம், அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறம். படத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிற நாங்கள் அதைக் கேட்கிற கருவியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் இருக்கிறது சரியில்லை எண்டு பட்டது. அதுவும் தீவில இது சின்ன விஷயம் இல்லை. தியேட்டரில படம் பார்க்கிறதெண்டால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குத்தான் போகவேணும். நெடுந்தீவு ஆளுக்கு அதுக்கு முதல் குறிகட்டுவான் வரைக்கும் ஒரு மணித்தியாலப் படகுப் பயணம் இருக்கு. இரவுக் காட்சி பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்புற கதை நெடுந்தீவிலயும் நயினாதீவிலயும் இல்லை. ஆகவே, எங்களுக்கு அந்தப் பத்துக்குப் பத்து அடி அறைதான் தியேட்டர். அதை எப்படி ஒழுங்குபடுத்துறது எண்டது பொழுதுபோக்குக்காரரின் கேள்வி மட்டும் இல்லை.

ரிசீவர் எண்டால் என்ன?

எங்கட கடைகளில "ஹோம் தியேட்டர்" எண்டு விற்கிறது பெரும்பாலும் ஒரு சப் வூபர் பெட்டியும், அதுக்குள்ளேயே அம்பிளிபயரும், நாலைந்து சின்ன ஸ்பீக்கரும், யூ.எஸ்.பி. ஓட்டையும், நீல லைட்டும். அதில ஒன்று பழுதானால் முழுச் செற்றும் மூலைக்குப் போகும். ரிசீவர் வேற. அது ஒரு தனிப் பெட்டி. ரிவி, டிஷ், லப்டொப், போன் எல்லாத்திலயும் இருந்து வருகிற சத்தத்தையும் படத்தையும் வாங்கி, டொல்பி, டி.ரி.எஸ். எண்டு சுருட்டி வைத்திருக்கிற ஒலியைப் பிரித்து, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகவேணும் எண்டு முடிவெடுத்து, பெருக்கி அனுப்புறது. குறிகட்டுவான் இறங்குதுறையை நினைத்துப் பாருங்கோ. ஒரு பக்கத்தால பஸ் வருது, மறுபக்கத்தால நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் போகுது. சனத்தைப் பிரித்து ஏற்றுகிற இடம் அது. ரிசீவரின் வேலையும் அதுதான்.

இதனுடைய நல்ல குணம், ஸ்பீக்கரை உங்கள் விருப்பப்படி வாங்கலாம். இன்றைக்கு இரண்டு, அடுத்த வருடம் மூன்றாவது, வேலை கிடைத்த பிறகு மிச்சம். மகாபொலக் காசில வாழ்கிறவைக்கு இந்தத் தவணை முறை பெரிய வசதி.

வாட் கணக்கு

இப்ப அந்தப் பிழையான கேள்விக்கு வருவம். சொனியின் எஸ்.ரி.ஆர்.-டி.எச்.590 எண்டு 2018இல் வந்த ஒரு மலிவான ரிசீவர் இருக்கு. அதற்கு 145 வாட் எண்டு விளம்பரம். அதே பெட்டியின் விபரப் பத்திரத்தில 90 வாட் எண்டும் இருக்கு. இரண்டும் பொய் இல்லை. முதலாவது, ஒரேயொரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, ஒரேயொரு சுருதியில, கொஞ்சம் சிதைவை அனுமதித்து எடுத்த கணக்கு. இரண்டாவது, இரண்டு ஸ்பீக்கரை ஒன்றாக ஓடவிட்டு, 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை முழு வீச்சிலயும், சிதைவை மிகக் குறைத்து எடுத்த கணக்கு. அதே வருடம் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.-வி.385 இந்தக் கடுமையான கணக்கில 70 வாட். பெட்டியின் மேல இருக்கிற எண்ணை மட்டும் பார்த்தால் சொனி இரண்டு மடங்கு பெரிசு எண்டு தோன்றும். ஒரே அளவுகோலால அளந்தால் 90க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம்தான், காதுக்கு அது கிட்டத்தட்டத் தெரியாது.

இது எங்கட ஊர்க் கடைக்காரரின் வித்தை எண்டு நினைக்கவேண்டாம். அமெரிக்காவிலயே இந்த எண் விளையாட்டுத் தாங்காமல் அங்கத்தைய கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1974இல் அம்பிளிபயர் வாட்டை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேணும் எண்டு ஒரு விதி போட்டது. 2024இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினது. எங்கட கடைகளில தொங்குகிற "5000 வாட் பி.எம்.பி.ஓ." எண்ட எழுத்துக்கு எந்த விதியும் இல்லை. அதை வாசிக்காமல் கடந்து போறது நல்லது.

சரி, ஒரு சின்ன அறைக்கு உண்மையில எவ்வளவு தேவை? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில 88 டெசிபல் அளவு சத்தம் தரும். நீங்கள் இருக்கிறது எட்டடி தூரம் எண்டு வைப்பம். தூரத்தால ஒரு 8 டெசிபல் குறையும், 80 வரும். ஒரே ஒரு வாட்டில! பக்கத்தில இருந்து சாதாரணமாகக் கதைக்கிற சத்தம் கிட்டத்தட்ட 60 டெசிபல். பத்து வாட் குடுத்தால் 90. நூறு வாட் குடுத்தால் 100. அதாவது ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேணும். வேலைத்தலங்களில 85 டெசிபலை எட்டு மணித்தியாலத்துக்கு மேல கேட்டால் காது பழுதாகும் எண்டு எச்சரிக்கிறவை. ஆகவே, பத்தடி அறையில படம் பார்க்கிறபோது அந்த அம்பிளிபயர் பெரும்பாலான நேரம் ஒன்று, இரண்டு வாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கும். வெடி வெடிக்கிற கணத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட எடுக்கும். 50 வாட் உண்மையாக இருந்தால் தாராளம்.

எங்கட அப்பா, அம்மாவின் தலைமுறைக்கு இது புதுசு இல்லை. 1990களில கறண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை எண்டு இருந்த யாழ்ப்பாணத்தில, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால சுற்றி, டைனமோவில ரேடியோ கேட்டவை அவை. சைக்கிள் டைனமோ ஒன்றின் சக்தி வெறும் மூன்று வாட். அந்த மூன்று வாட்டில ஒரு வீடே, சில நேரம் அயலும் சேர்ந்து செய்தி கேட்டது. அவையின்ர பிள்ளைகள் இப்ப 145 வாட் காணுமோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறம்.

ஆர் அனுப்பினது?

தீவுப்பகுதியில வெளிநாட்டில சொந்தம் இல்லாத வீடு குறைவு. ரொறன்ரோவில சித்தப்பா, லண்டனில மாமி, பாரிஸில அண்ணா. வரேக்க என்ன கொண்டுவர எண்டு அவை கேட்கிறபோது "ஒரு ரிசீவர்" எண்டு சொல்ல ஆசைதான். அங்க நல்ல பெட்டிகள் பழைய விலைக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியின் பின்பக்கத்தில ஒரு சின்ன எழுத்து இருக்கு. அதை முதலில படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கோ.

இலங்கையில 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் எங்களைப் போலத்தான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். கனடாவிலயும் அமெரிக்காவிலயும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். யப்பானில 100 வோல்ட். போன் சார்ஜர் எந்த நாட்டிலயும் வேலை செய்யுது எண்டபடியால் எல்லாம் செய்யும் எண்டு நினைக்கிறது வழமை. சார்ஜரில 100 முதல் 240 வரை எண்டு அடித்திருக்கும். ரிசீவருக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் ஒரே வோல்ட்டுக்குச் செய்த பாரமான ட்ரான்ஸ்போமர். கனடாப் பெட்டியை எங்கட சுவரில நேரே குத்தினால் ஒரு சத்தம் கேட்கும், அதுதான் அதின்ர கடைசிச் சத்தம்.

"ஸ்டெப் டவுன்" ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டலாம். ஆனால் அதுக்கு வேற காசு, அது வேற பாரம், வீட்டில ஆராவது ஒருநாள் தெரியாமல் மாறிக் குத்துற பயம் வேற. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பெட்டி 50இல் கொஞ்சம் கூடச் சூடும் ஆகும். யப்பான் பாவித்த சாமான் எண்டு இங்க விற்கிறதுக்கும் இதே கதை. எங்கட முடிவு: லண்டன் மாமி கொண்டுவந்தால் வாங்குங்கோ. ரொறன்ரோச் சித்தப்பாவிடம் ஸ்பீக்கர் மட்டும் கேளுங்கோ. மின்சாரம் குத்தாத சாதாரண ஸ்பீக்கருக்கு வோல்ட் பிரச்சினை கிடையாது.

இன்னொன்று. வெளிநாட்டுப் பெட்டிக்கு இங்க உத்தரவாதம் இல்லை. ஏழெட்டுக் கிலோப் பெட்டியைப் பொலித்தீனால சுற்றி, உப்புத் தண்ணி தெறிக்கிற படகில ஏற்றி, பிறகு பஸ்ஸில ரவுணுக்குக் கொண்டுபோய்த் திருத்துறது நெடுந்தீவு ஆளுக்கு ஒரு முழுநாள் வேலை. யாழ்ப்பாணத்தில திருத்த ஆள் இருக்கிற, உதிரிப்பாகம் கிடைக்கிற பெயராகப் பார்த்து வாங்குறது கெட்டித்தனம்.

கறண்ட் பில்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் தேசிய மின்வலையில இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குத் தனித்தனி டீசல் ஜெனரேற்றர்தான் கனகாலமாகச் சோறு போட்டது. இந்த மூன்று தீவுக்கும் காற்றாலை, சோலர், பற்றரி எல்லாம் கலந்த திட்டத்துக்கு இந்திய உதவியோட 2024 மார்ச்சில ஒப்பந்தம் வைத்தது செய்தியில வந்தது. டீசலைக் கடலால கொண்டுவந்து எரித்து எடுக்கிற கறண்டில ஒரு பெட்டி சும்மா நிண்டு சூடாகிறதைப் பார்க்கக் கொஞ்சம் மனம் சுடவேணும்.

ரிசீவர் சும்மா நிண்டும் மின்சாரம் குடிக்கிற சாமான். சத்தமே இல்லாமல் ஓன் பண்ணி வைத்தாலே பல பெட்டிகள் 40 வாட் அளவு எடுக்கும். நாளுக்கு நாலு மணித்தியாலம் எண்டால் மாதம் ஐந்து யூனிட். 2022 ஓகஸ்டில 75 வீதமும், 2023 பெப்ரவரியில 66 வீதமும் கட்டணம் ஏறினதை மறந்த வீடு இருக்காது. ரிமோட்டால நிப்பாட்டிப் போட்டுப் போகாமல் சுவரில நிப்பாட்டுங்கோ. மாரி தொடங்குற ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வைக்கிறதும் இதோட சேர்ந்த பழக்கம். வோல்ட் ஏறி இறங்குற இடம் எண்டால் ஒரு நல்ல ஸ்டெபிலைசருக்குச் செலவழிக்கிறது, கூட வாட்டுக்குச் செலவழிக்கிறதை விட மேல்.

அறைதான் பாதி ஸ்பீக்கர்

எங்கட வீட்டு அறைகள் சீமெந்துச் சுவர், சீமெந்து அல்லது ரைல்ஸ் நிலம், மேல ஓடு அல்லது சீற். நெடுந்தீவுப் பழைய வீடு எண்டால் பவளக்கல் சுவர். எல்லாம் கடினம், எல்லாம் எதிரொலிக்கும். கையைத் தட்டிப் பாருங்கோ, "டிங்" எண்டு ஒரு வால் சத்தம் கேட்டால் அந்த அறையில எந்த விலைச் செற்றும் பேச்சைக் குழப்பும்.

அதோட, பத்தடிக்குப் பத்தடி எண்ட சதுர அறைக்கு ஒரு தனிக் குணம் இருக்கு. பத்தடி அகலத்துக்குள்ள 56 ஹேர்ட்ஸ் சுற்றுவட்டத்தில வருகிற தாழ் சத்தம் இரண்டு சுவருக்கும் இடையில முட்டி முட்டிப் பெருத்துவிடும். நீளமும் அகலமும் ஒன்று எண்டபடியால் இரண்டு திசையிலயும் அதே சுருதி பெருக்கும். அதுதான் சப் வூபரை மூலையில வைத்தவுடன எல்லாப் பாட்டும் ஒரே "டும் டும்" ஆகிறது. கூட வாட் அதைக் கூட்டும், தீர்க்காது. சப் வூபரை மூலையில இருந்து தள்ளி வையுங்கோ. நீங்கள் இருக்கிற செற்றியையும் பின் சுவரோட ஒட்டாமல் இரண்டடி முன்னுக்கு இழுங்கோ. சீலைகள் நிறைந்த திறந்த தட்டு, புத்தக அலுமாரி, தடித்த திரைச்சீலை, நிலத்தில ஒரு கம்பளம், இவை எல்லாம் காசு குடுத்து வாங்குற ஒலித்தடுப்புப் பலகையின் வேலையில பாதியைச் செய்யும்.

5.1, 7.1, அற்மோஸ் எண்டு எண்கள் ஏறிக்கொண்டு போகுது. 5.1 எண்டால் முன்னுக்கு மூன்று, பக்கத்தில அல்லது பின்னுக்கு இரண்டு, ஒரு சப் வூபர். பத்தடி அறையில பின் ஸ்பீக்கர் உங்கட காதுக்கு மூன்றடியில நிக்கும். சத்தம் சூழ்ந்து வருகிற உணர்வுக்குப் பதிலாக ஆரோ காதுக்குள்ள கத்துற உணர்வுதான் வரும். வைக்கிறதெண்டால் காதுக்கு மேல, சுவரில உயர்த்தி வையுங்கோ. அற்மோஸுக்குச் சத்தத்தை மேல அடித்துத் தெறிக்க விடுகிற ஸ்பீக்கர்கள் விற்கினம். அதுக்குத் தட்டையான, கடினமான முகடு வேணும். சரிந்த ஓட்டுக் கூரையில அந்தச் சத்தம் தெறித்துத் திரும்பாது, ஓட்டுக்குள்ளயும் சிலாகைக்குள்ளயும் சிதறிப் போகும். எங்கட ஆலோசனை மூன்று முன் ஸ்பீக்கர், முடிந்தால் ஒரு சின்ன சப் வூபர். மிச்சம் பிறகு.

பேச்சு கேட்கவேணும்

இந்த மூன்றில நடு ஸ்பீக்கரைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்லுறம். படத்தில பேச்சின் பெரும்பகுதி அதில்தான் வருது. இப்ப வருகிற மெல்லிய ரிவிகளில ஸ்பீக்கர் கீழ் நோக்கியோ பின் நோக்கியோ இருக்கு. பேச்சு மேசையில பட்டுச் சிதறி வருது. இந்தியப் படம் எண்டால் எப்படியோ விளங்கிக்கொள்ளுவம், வருடக்கணக்கில கேட்டுப் பழகின பேச்சு. எங்கட பெடியள் எடுக்கிற குறும்படங்களின் நிலைமை வேற. குறைந்த செலவில, காற்று அடிக்கிற கடற்கரையில ஒலிப்பதிவு செய்தவை. அதில எங்கட பேச்சு, எங்கட இழுவை, "ஓமடா", "என்னண" எல்லாம் வருது. அது கேட்காமல் போனால் அந்தப் படத்தில மிஞ்சுறது கடலும் பனையும் மட்டும்தான். "ஈழத்துப் படம் ஒண்டும் விளங்கேல்லை" எண்டு சொல்கிறவர்களில பாதிப் பேருக்கு விளங்காதது படமில்லை, ரிவியின் ஸ்பீக்கர்.

அம்மம்மா, அப்பம்மாவுக்கு இது இன்னும் முக்கியம். வயது போகப் போக முதலில மங்குறது உயர் சுருதி, அதாவது "ச", "த", "ப" எண்ட மெய்யெழுத்துகளின் விளிம்பு. அவை சத்தத்தைக் கூட்டச் சொல்லுறது சத்தம் காணாமல் இல்லை, சொல் பிரியாமல். நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் கூட்டி விட்டால் வீடே அமைதியாகும். பல ரிசீவர்களில இரவு நேர முறை எண்டு ஒன்று இருக்கு. வெடிச் சத்தத்தை அமுக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தித் தரும். பக்கத்து வீட்டுக் குழந்தை நித்திரை எண்டால் அதைப் போடுங்கோ. கிடுகு வேலியும் பவளக்கல் மதிலும் சப் வூபரின் சத்தத்தை மறிக்காது.

எதை வாங்குறது?

புதுசெண்டால் நாங்கள் மேல சொன்ன யமஹா, சொனி, டெனன் போன்ற கொம்பனிகளின் ஆகக் குறைந்த 5.1 மொடலே காணும். 8கே எண்ட எழுத்துக்குக் காசு குடுக்காதேங்கோ. பழசு வாங்கவும் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேணும். பழைய ரிசீவருக்குள்ளால 4கே படம் போகாமல் விடலாம். அதுக்காக அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. டிஷ் பெட்டியையும் ஸ்டிக்கையும் நேரே ரிவியில குத்துங்கோ. ரிவியில இருந்து சத்தத்தை மட்டும் ரிசீவருக்குத் திருப்பி எடுங்கோ. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முதல் ஏ.ஆர்.சி. எண்ட வசதி அதுக்குத்தான் இருக்கு. அதுவும் இல்லாத பெட்டி எண்டால் ஒப்ரிக்கல் வயர் போதும், டொல்பி டிஜிற்றல் 5.1 அதிலயே வரும்.

பழசு பார்க்கப் போகேக்க ஒரு போனும், ஒரு வயரும், ஒரு ஸ்பீக்கரும் கொண்டுபோங்கோ. ஒவ்வொரு ஸ்பீக்கர் வாயிலிலயும் மாற்றி மாற்றிக் குத்திக் கேளுங்கோ. ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. ஓட்டையையும் பாருங்கோ, முதலில சாகிறது அதுதான். சத்தத் திருகியைச் சுற்றேக்க "கர கர" எண்டால் தூசு அல்லது துரு. அரை மணித்தியாலம் ஓடவிட்டு மேல கை வைத்துப் பாருங்கோ, தானாக நிண்டால் வேண்டாம். பின்பக்க ஆணிகளில பச்சை பிடித்திருந்தால் அது கடற்கரை வீட்டுச் சாமான், விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ. எங்கட உப்புக் காற்றுக்கு வயர் நுனியும் கறுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருக்கா நுனியை வெட்டிப் புதுசாகச் சீவிக் குத்துங்கோ. வாங்கின பிறகு தயவுசெய்து அதுக்கு மேல லேஸ் துணி விரித்து, பூச்சாடி வைக்காதேங்கோ. மேல அரையடி இடம் விடுங்கோ. அது மூச்சு விடுற வழி.

கையில காசு மிகக் குறைவு எண்டால் ரிசீவரே வேண்டாம். ஒரு சின்ன இரட்டை அம்பிளிபயரும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் பத்தடி அறையில எந்த நீல லைட் செற்றையும் வெல்லும். எப்படி வாங்கினாலும் காசின் பெரிய பங்கு ஸ்பீக்கருக்கு, சின்னப் பங்கு பெட்டிக்கு. பெட்டி பத்து வருடத்தில பழசாகும். நல்ல ஸ்பீக்கர் இரண்டு பெட்டியைக் கடந்தும் நிக்கும்.

"தீவில குடிக்கத் தண்ணிக்கே பாடு, இவைக்கு ஹோம் தியேட்டர்" எண்டு சொல்லுவினம். நெடுந்தீவின் தண்ணீர்க் கஷ்டத்தை நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் சனம் வாங்காமல் இருக்கினம் எண்டதுபோல இந்தக் கேள்வி கேட்கப்படுது. சனம் வாங்குது. தவணைக் காசில வாங்குது, வெளிநாட்டில இரண்டு வேலை செய்கிறவை அனுப்புற காசில வாங்குது. வாங்குற பொருள் ஆறு மாதத்தில மூலையில கிடக்குது. அந்தக் காசுக்கு மரியாதை குடுக்கிறதெண்டால் சரியாக வாங்கப் பழகவேணும்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறம். ஒவ்வொரு வீடும் ஒரு செற் வாங்கத் தேவையும் இல்லை. எங்கட ஊர்களில சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் இருக்கு. திருவிழாவுக்கு லவுட் ஸ்பீக்கர் கட்டக் காசு சேர்க்கிற ஊருக்கு, வாசிகசாலை அறைக்கு ஒரு ரிசீவரும் மூன்று ஸ்பீக்கரும் சேர்த்து எடுக்கிறது பெரிய காரியம் இல்லை. மாதம் ஒரு படம் போடலாம், அதில ஒன்று எங்கட பெடியள் எடுத்த குறும்படமாக இருக்கலாம். அதுக்கு முதல் செய்யவேண்டிய வேலை கடையில இல்லை. ஒரு அளவு நாடாவை எடுத்து அறையை அளவுங்கோ, நடுவில நிண்டு ஒருக்கா கையைத் தட்டிப் பாருங்கோ. வாட் கணக்கைப் பிறகு பார்ப்பம்.